80 மி.மீ. தொலைநோக்கி ஒன்றே போதும், இரண்டு வாங்க வேண்டாம்
சூரியனுக்கும் இரவு வானத்துக்கும் ஒரே சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி) சரிப்படாது, தனித்தனியாக வாங்குங்கள் என்கிறது மேலேயுள்ள கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரைக்குடியில் என்னிடம் இருப்பது முன் லென்ஸ் 80 மி.மீ. விட்டம், 600 மி.மீ. குவியத் தூரம், அவ்வளவுதான். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தை எங்கள் தெருவே வரிசையில் நின்று இதில்தான் பார்த்தது. இரவில் 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 60 மடங்கு பெரிதாகத் தெரியும். சனியின் வளையம் தெளிவாகத் தெரியும். பகலில் விட்டத்தைக் கூட்டியும் பெரிய லாபமில்லை, வெயில் ஏறினால் சூடான காற்றே காட்சியைக் கெடுத்துவிடும். 10 மணிக்கு எங்கள் ஓட்டுக்கூரைக்கு மேலாகப் பார்த்தால் சூரியனின் விளிம்பு கொதிக்கிற ரசம் மாதிரி நெளியும். காலை 7.30 மணிக்குக் கொல்லையில் மண்தரையில் வைத்தால் கரும்புள்ளியின் கறுத்த நடுவும் அதைச் சுற்றிய சாம்பல் ஓரமும் பிரிந்து நிற்கும். மேலே கருத்துச் சொன்ன ஒருவர், சூரியனைப் பார்க்க ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடியே போதும் என்று எழுதியிருக்கிறார். ஐயா, வேண்டவே வேண்டாம்! குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரிய ஃபில்டர் முன் லென்ஸுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், காற்றில் கழன்றுவிடாதபடி டேப்பும் ஒட்டி. அப்புறம் ஃபைண்டரையும் (குழாய்மேல் இருக்கும், குறிபார்க்கிற சின்னத் தொலைநோக்கி) மூடுங்கள். நான் ஒருநாள் மறந்துபோய்ச் சட்டைக் காலர் பொசுங்கியது. ஃபைண்டர் இல்லாமல் எப்படிக் குறிவைப்பது என்றால், தரையில் குழாயின் நிழல் எப்போது மிகச் சிறிதாகிறதோ அப்போது சூரியன் உள்ளே வந்திருக்கும். விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளையும் பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஹைட்ரஜன் ஆல்பா கருவி (ஹைட்ரஜனின் ஒரு சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடுவது), அது வேறு பட்ஜெட்.