கதாநாயகியின் குறைக்குக் கதை கேட்கும் விலை

இன்றைய நகரங்களில் மாயமும் மாய உயிர்களும் உலவும் கதைகளை, அதாவது நகர்ப்புற மிகுபுனைவு என்று நாம் சொல்லத் தொடங்கியிருக்கும் அர்பன் ஃபேண்டஸி நாவல்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் குறைகள் மலிந்த கதாநாயகிகளை வாசகர்கள் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று கேட்டால், "அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே" என்ற பதில்தான் முதலில் வந்து விழும். அந்தப் பதிலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கோபக்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள், யாரையும் நம்பாதவள் என்று ஆசிரியர் ஒரு பெண்ணுக்கு எத்தனை குறைகளை வேண்டுமானாலும் சூட்டலாம். அவற்றால் அவள் எதையாவது இழக்கும்வரை அவை கழற்றி மாட்டக்கூடிய ஜிமிக்கியைப் போன்ற அலங்காரம்தான். இழப்பைக் கணக்கில் வைத்து, அடுத்தடுத்த பாகங்களிலும் மறக்காமல் வசூலிக்கிற எழுத்தாளர்களின் கதாநாயகிகளே என் மனத்தில் நிற்கிறார்கள்.

ஷானன் மெக்குவயர் 2009இல் 'ரோஸ்மேரி அண்ட் ரூ' நாவலில் அறிமுகப்படுத்திய, டோபி என்று அழைக்கப்படும் அக்டோபர் டே என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். தேவதை இனத் தாய்க்கும் மனிதத் தந்தைக்கும் பிறந்த டோபி, சான் பிரான்சிஸ்கோவில் தனியார் துப்பறிவாளராக இருந்தவள். தான் சேவகம் செய்யும் பிரபுவின் காணாமற்போன மனைவியையும் மகளையும் தேடிச் சென்ற இடத்தில் அவளை ஒருவன் மீனாக மாற்றிவிடுகிறான். கோல்டன் கேட் பூங்காவின் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்துக் குளத்தில் அவளது வாழ்வின் 14 ஆண்டுகள் கரைந்துபோகின்றன. சாபம் விலகிக் கரையேறி வரும்போது, அவள் இல்லாமல் வாழப் பழகிவிட்ட காதலனும், சிறு குழந்தையாக விட்டுச்சென்று இப்போது பருவப் பெண்ணாகிவிட்ட மகளும் அவள் முகத்தில் விழிக்கவே விரும்புவதில்லை. இத்தனை காலம் எங்கே இருந்தாய் என்று அவர்கள் கேட்டால் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது, ஏனெனில் தேவதை உலகம் இருப்பதே மனிதர்களுக்குத் தெரியக் கூடாது. ஆகவே அவர்களின் கண்ணில் அவள் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனவள்.

கதை தொடங்கும்போது இந்தப் பெண் ஒரு பேரங்காடியில் இரவு நேரக் காசாளராக வேலை பார்த்துக்கொண்டு, தன் பழைய உலகத்திலிருந்து வரும் எந்த அழைப்புக்கும் முகம் கொடுக்காமல் இருக்கிறாள். தோழி என்று முழுதாகச் சொல்லிவிட முடியாத ஒரு சீமாட்டி, கொலையாகும் முன் தொலைபேசிப் பதிவுக் கருவியில் சாபம் ஒன்றைச் சொல்லிக் கட்டிப்போட்ட பிறகே டோபி துப்பறியப் புறப்படுகிறாள். உதவி கேட்கத் தெரியாததுதான் அவளுடைய பெருங்குறை. அந்த வீம்பினால் காயத்துக்கு மேல் காயம் வாங்குகிறாள். வாசிக்கும்போது அவளைத் திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருப்பதால் புத்தகத்தை மூடி வைக்க மனம் வருவதில்லை.

இந்த மரபின் வேர் பழைய அமெரிக்கத் துப்பறியும் நாவல்களில் இருக்கிறது. ரேமண்ட் சாண்ட்லர் 1939இல் நாவலுக்குக் கொண்டுவந்த ஃபிலிப் மார்லோவும் தனியன்தான், குடிப்பவன்தான், வாய் சும்மா இருக்காதவன்தான். ஆனால் மார்லோவின் தனிமை அவனுக்கு ஒரு கம்பீரத்தைத் தருகிறது. குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. அதே மழைக்கோட்டை ஒரு பெண்ணுக்கு மாட்டியதும் அந்தக் கேள்வி கதைக்குள் வந்துவிடுகிறது. இந்த வகைமை சாதித்தவற்றில் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாட்ரிசியா பிரிக்ஸின் மெர்சி தாம்சனிடம் இது வேறு விதமாக நடக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் டிரை-சிட்டீஸ் பகுதியில் ஃபோக்ஸ்வாகன் கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அவள். கொயோட்டியாக, அதாவது ஓநாயைவிடச் சிறிய ஒரு வட அமெரிக்கக் காட்டு விலங்காக, உருமாற முடியும் என்றாலும், ஓநாய் மனிதர்களின் பலத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவனோ அந்த ஓநாய்க் கூட்டத்தின் தலைவன், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பவன். அவன் அதிகாரம் செய்யும்போதெல்லாம், அவன் கண்ணில் படும்படி நிறுத்தியிருக்கும் ஓட்டைக் காரின் சக்கரத்தைக் கழற்றி, அதை இன்னும் அலங்கோலமாக்கிவிடுவாள். நேருக்கு நேர் மோதி வெல்ல முடியாதவளின் குறும்பு இது, பிரிக்ஸ் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. மூன்றாம் நாவலான 'அயர்ன் கிஸ்டு' (2008) முடியும் தறுவாயில் அவள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். அடுத்த நாவலில் அதைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதிய சாகசத்துக்குப் போகாமல், திடீர் திடீரென்று மூச்சு முட்டி நடுங்கும் பெண்ணாகவே பிரிக்ஸ் அவளைக் காட்டுகிறார். அந்த நேர்மைக்காகவே இந்தத் தொடரின் சில சறுக்கல்களை நான் மன்னித்துவிடுகிறேன்.

கணவன் மனைவி இருவர் இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் எழுதும் கேட் டேனியல்ஸ் கதைகளில், மாயமும் தொழில்நுட்பமும் மாறி மாறி அலையடிக்கும் அட்லாண்டாவில் கேட் தன் காயத்துணிகளை எரித்துவிடுகிறாள். அவள் யாருடைய வாரிசு என்பதை அவளுடைய ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். யாரையும் நம்பாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒருத்தியின் மொத்த வாழ்வும் அந்தத் தீயில் தெரிகிறது. லீ பார்டுகோவின் 'நைன்த் ஹவுஸ்' (2019) நாவலில் வரும் அலெக்ஸ் ஸ்டெர்னின் போதைப் பழக்கத்துக்கும் இப்படியொரு காரணம் உண்டு: பிறர் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளிடமிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட பெண்களை அட்டைப்படங்கள் என்ன செய்தன என்பது தனிக் கூத்து. தோல் கால்சட்டை, முதுகில் குத்திய பச்சை, இடுப்பை ஒடித்துத் திரும்பிப் பார்க்கும் பார்வை என ஒரே அச்சில் வார்த்துத் தள்ளினார்கள். எழுத்தாளர் ஜிம் ஹைன்ஸ் 2012இல் அந்தப் பெண்களைப் போலவே தானும் நின்று படமெடுத்து வெளியிட்டபோதுதான், முதுகெலும்புள்ள எவருக்கும் அது எவ்வளவு சிரமம் என்று பலருக்கு உறைத்தது.

தொடர்கள் நீளும்போது வரும் சரிவையும் சொல்லியாக வேண்டும். பாகம் ஏற ஏறக் கதாநாயகியின் ஆற்றலும் ஏறுகிறது, விலையோ இறங்குகிறது. டோபியின் காயங்கள் பிற்பாடு மிக வேகமாக ஆறத் தொடங்கியதும், அவளுடைய அசட்டுத் துணிச்சலைப் பார்த்து முன்போல் வயிறு கலங்குவதில்லை. மகளோடுள்ள விரிசல் மட்டும் எந்த மாயத்தாலும் அப்படி ஆறிவிடுவதில்லை என்பதால் நான் இன்னும் தொடர்ந்து படிக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் மெர்சியிலிருந்து தொடங்கலாம். மூன்றாம் பாகத்தை மட்டும் மனத்தைத் தயார்செய்துகொண்டு எடுங்கள். 'நைன்த் ஹவுஸ்' அதைவிடவும் குரூரமானது, ஆகவே அது பிறகு.