16 லட்சம் ஸ்கோவில்

தம்பி: (இட்லிக் கடையில் உட்கார்ந்து, மிளகாய் சாஸ் பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டி) அக்கா, சட்னி வேண்டாம். கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

அக்கா: என்னது, மருந்தா?

தம்பி: மருந்தா! கரோலினா ரீப்பர் அக்கா. 16 லட்சம் ஸ்கோவில்.

அக்கா: 16 லட்சமா! எந்தக் கோவில் தம்பி?

தம்பி: ஸ்கோவில்.

அக்கா: அதைத்தான் கேட்கிறேன். எந்தத் தெரு? சந்து முனைப் பிள்ளையாருக்குப் போன மாசம்தான் 200 ரூபாய்க்கு ரசீது கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் இன்னொன்றா?

தம்பி: வசூலுக்கு வரவில்லை அக்கா. ரீப்பர், ரீப்பர்தான் விஷயமே.

அக்கா: ரீப்பர் எதற்குப்பா? 16 லட்சம் செலவழிக்கிறவர்கள் கான்கிரீட் போட வேண்டியதுதானே. ரீப்பர் அடித்து ஓடு வேய்ந்தால் நாலே வருஷத்தில் குரங்கு பிரித்துப் போட்டுவிடும்.

தம்பி: அந்த ரீப்பர் கட்டை இல்லை. இது அமெரிக்கா ரீப்பர்.

அக்கா: நம் மதுரை மரக்கடையில் கிடைக்காத ரீப்பரா?

(பக்கத்து ஸ்டூலில் இரண்டாவது ஈடு இட்லிக்காகக் காத்திருந்த நான், திருத்திவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பையன் பாட்டிலை என் காதோரம் குலுக்க ஆரம்பித்தான். அந்தக் குலுக்கலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.)

தம்பி: அக்கா, பொறுமையாகக் கேளுங்கள். ஸ்கோவில் என்பது ஓர் ஆளின் பெயர். அமெரிக்காக்காரர். மருந்து கம்பெனியில் வேலை. 1912-இல்…

அக்கா: வெள்ளைக்காரரே முன்னால் நின்று கட்டினாரா!

தம்பி: ஒன்றும் கட்டவில்லை. மிளகாயிலிருந்து சாறு எடுத்து, அதில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, ஐந்து பேருக்குக் குடிக்கக் கொடுத்தார்.

அக்கா: பானகம்.

தம்பி: பானகம் இல்லை!

அக்கா: இனிப்புத் தண்ணீர், அதில் கொஞ்சம் காரம், வந்தவர்களுக்குக் கொடுப்பது. இதற்கு எங்கள் ஊரில் பானகம் என்றுதான் பெயர். ஆனால் ஐந்து பேருக்குத்தான் கொடுத்தார் என்று வெளியே சொல்லாதே, கேவலம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு என் மாமியார் ஒற்றை ஆளாக இரண்டு அண்டா கரைப்பார்.

தம்பி: அது பரிசோதனை அக்கா. ‘காரமே தெரியவில்லை’ என்று அவர்கள் சொல்கிற வரைக்கும் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை மடங்கு சேர்த்தோமோ அதுதான் ஸ்கோவில் எண். இந்த மிளகாய்க்கு 16 லட்சம் மடங்கு.

அக்கா: காரம் போகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதா? எதிர்த்த மெஸ்ஸில் சாம்பாருக்குத் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எண் கொடுக்கவில்லை.

தம்பி: இப்போதெல்லாம் மெஷினில் அளக்கிறார்கள்.

அக்கா: சரி, இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது?

தம்பி: மூன்று வருஷமாகச் சேர்க்கிறேன். 34.

அக்கா: 34 லட்சமா!

தம்பி: 34 பாட்டில்!

(இங்கேதான் அக்காவுக்குப் புரிந்தது. கரண்டியை வைத்துவிட்டுப் பாட்டிலை வாங்கினார். விளக்குக்கு நேராகப் பிடித்து மண்டையோட்டுப் படத்தைப் பார்த்தார். மூடியைத் திறந்து, மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்தே மோந்தார்.)

அக்கா: சட்னி.

தம்பி: சாஸ்.

அக்கா: மிளகாயை அரைத்துப் புளிப்பு ஏற்றியது. சட்னிதான். எதற்கு மண்டையோடு?

தம்பி: காரம் என்று காட்டுவதற்கு.

அக்கா: எலி மருந்திலும் இதேதான் போட்டிருக்கிறது. வீட்டில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதே.

தம்பி: ஃபிரிட்ஜில்தான் வைத்திருக்கிறேன். கதவு முழுக்க, அப்புறம் கீழ்த்தட்டு முழுக்க. மாவுச் சட்டியை வைக்க இடமில்லை என்று அம்மாதான் கத்திக்கொண்டே இருக்கிறார்.

அக்கா: மாவை எங்கே வைக்கிறார்?

தம்பி: வெளியே.

அக்கா: வீட்டு மாவு புளித்துப் போகிறது, நீ இட்லிக்கு இங்கே வருகிறாய். எனக்கு வியாபாரம். இன்னும் நாலு பாட்டில் வாங்கு.

தம்பி: கிண்டல் பண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு ரகம். டபாஸ்கோ என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் லூசியானா பக்கம் ஏவரி ஐலண்டில் 1868-இலிருந்து செய்கிறார்கள். மிளகாயை உப்போடு அரைத்து, ஓக் மரப் பீப்பாயில் அடைத்து, மூடிக்கு மேலே உப்பைக் கொட்டி, மூன்று வருஷம் வரைக்கும் ஊற விடுவார்கள்.

அக்கா: மூன்று வருஷமா? அது வேலை. அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மா நாரத்தங்காயை உப்பில் போட்டு, ஜாடிக்கு வேடு கட்டி வைப்பார். என் பிரசவத்துக்குப் போட்டதை என் மகள் பிரசவத்துக்கு எடுத்தோம். கறுத்துப் போய், விரலில் ஒட்டிக்கொண்டு மெழுகு மாதிரி வரும். ஒரு துண்டு இருந்தால் ஒரு தட்டுக் கஞ்சி இறங்கும்.

தம்பி: அதேதான் அக்கா! அப்புறம் ஸ்ரீராச்சா. பெயர் தாய்லாந்தில் இருக்கிற ஓர் ஊருடையது. வியட்நாமிலிருந்து அகதியாகப் போனவர் 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பித்தார். பச்சை மூடி, பாட்டிலில் சேவல் படம்.

அக்கா: சேவலா? அப்படியென்றால் முருகன் கோவில்.

தம்பி: அக்கா!

அக்கா: சொல்லு, சொல்லு. பழமுதிர்சோலை ரகம். அடுத்தது?

தம்பி: நம் நாட்டு மிளகாயும் இருக்கிறது. பூத் ஜொலோக்கியா. அஸ்ஸாம், நாகாலாந்து பக்கம் விளைவது. 2007-இல் கின்னஸ். 10 லட்சம். அங்கே யானை வயலுக்குள் வராமல் இருக்க, அதைக் கயிற்றில் பூசி வேலி கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அக்கா: யானையே மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகட்டும் என்று கட்டினது. அதை நீ காசு கொடுத்து வாங்கி வந்து இட்லியில் ஊற்றுகிறாய்.

தம்பி: மிளகாயே நம் ஊருடையது இல்லை தெரியுமா? போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. அதுவரைக்கும் நமக்கு மிளகுதான். மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால் மிளகாய்.

அக்கா: வந்து எத்தனை வருஷம் ஆகிறது?

தம்பி: 400 வருஷத்துக்கு மேலே.

அக்கா: இந்நேரம் ரேஷன் கார்டே கொடுத்திருப்பார்கள். அதை ஏன் இப்போது வெளியூர்க்காரன் என்கிறாய்?

தம்பி: உங்களிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், புரியும். முதலில் பழ வாசனை. ஒன்றுமே தெரியாது. 20 நொடி கழித்துத் தொண்டையில் ஏறும். காது அடைக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும். எல்லாம் அடங்கினதும் ஒரு சுகம் வரும் பாருங்கள்…

அக்கா: செருப்புக் கடியும் அப்படித்தான். கழற்றினால் சுகம். அதற்காக யாரும் 34 ஜோடி வாங்கி அடுக்குவதில்லை.

தம்பி: ஒரே ஒரு சொட்டு. பயமா?

அக்கா: என் நாக்கு தொழில் சாமான்ப்பா. விடிகாலை நாலு மணிக்கு அரைக்கிற சட்னிக்கு அதுதான் உப்புப் பார்க்க வேண்டும். அது மரத்துப் போனால் நாளைக்கு 200 பேர் உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். உளி கூராக இருக்கிறதா என்று ஆசாரி அதைக் கருங்கல்லில் அடித்துப் பார்ப்பாரா?

தம்பி: …

அக்கா: இந்தப் பாட்டில் முழுக்க அந்த 16 லட்சம்தானா?

தம்பி: மிளகாய்க்குத்தான் 16 லட்சம். சாஸில் வினிகர், கேரட், பூண்டு எல்லாம் சேர்கிறது இல்லையா, குறையும்.

அக்கா: எவ்வளவு குறையும்?

தம்பி: பாட்டிலில் போடவில்லை.

அக்கா: நோட்டீஸில் 16 லட்சம். உள்ளே போனது எவ்வளவு என்று கணக்கில்லை. நான் முதலில் நினைத்ததுதான் சரி. கோவில் கமிட்டியேதான்.

தம்பி: இதுவே இப்போது இரண்டாம் இடம் அக்கா. இந்த ரீப்பரை வளர்த்தவர்தான் 2013-இல் கின்னஸ் வாங்கினார். அவரே 2023-இல் பெப்பர் எக்ஸ் என்று இன்னொன்றைக் கொண்டு வந்துவிட்டார். 26 லட்சத்து 93 ஆயிரம்!

அக்கா: பத்து வருஷத்தில் 10 லட்சம் ஏற்றியிருக்கிறார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லையா?

தம்பி: கேட்பதா? கைதட்டினார்கள்.

அக்கா: நான் பொங்கலுக்கு அப்புறம் இட்லியை 8 ரூபாயிலிருந்து 9 ஆக்கினேன். ஞாபகம் இருக்கிறதா?

தம்பி: அது…

அக்கா: ‘இப்படி ஏற்றினால் மனுஷன் எப்படிச் சாப்பிடுவான்’ என்று கேட்டாயே. அந்த மனுஷன் இப்போது சௌக்கியமா?

தம்பி: அது சாப்பாடு அக்கா. இது ஹாபி.

அக்கா: இது என்ன விலை?

தம்பி: (மெதுவாக) 1,850.

அக்கா: எத்தனை மில்லி?

தம்பி: 148.

அக்கா: மில்லி பன்னிரண்டரை ரூபாய். ஒரு மில்லிக் காசுக்கு என்னிடம் ஓர் இட்லி, மூன்றரை ரூபாய் மீதி. சரி, அது உன் சம்பளம், உன் இஷ்டம். ஆனால் காய்கறி வண்டிக்காரம்மாவிடம் ஒரு கட்டு மல்லியை வாங்கிவிட்டு, ‘நாலு பச்சை மிளகாய் சேர்த்துப் போடுங்கள்’ என்று பையை விரித்துக்கொண்டு நிற்கிறாயே, அது எதற்கு?

தம்பி: அது கொசுறு. எல்லோரும் வாங்குவதுதானே.

அக்கா: மிளகாய் விற்கிறவளிடம் கொசுறு. மிளகாய்த் தண்ணீர் விற்கிறவனுக்கு 1,850.

(அன்று சாயங்காலம் நானும் கொசுறு வாங்கியிருந்தேன். ஸ்டூலுக்குக் கீழே இருந்த பையைக் காலால் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டேன்.)

தம்பி: உங்கள் காரச் சட்னிக்கு என்ன மிளகாய் அக்கா?

அக்கா: மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறாய், இன்றைக்குத்தான் கேட்கிறாய். முண்டு. பரமக்குடிப் பக்கம் என் தங்கை வீட்டுக்காரர் போடுகிறார். குட்டையாக, உருண்டையாக, தோல் தடியாக இருக்கும்.

தம்பி: அட, ராமநாதபுரம் முண்டு! 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே! அது எத்தனை ஸ்கோவில்?

அக்கா: என் தங்கை பங்குனி வெயிலில் பழம் பறிக்கப் போவாள். பறித்த கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் எரியும். எண்ணெய் தடவினால் கொஞ்சம் அடங்கும். அந்தக் கையோடு பேத்தியைத் தூக்க மாட்டாள், குழந்தை கண்ணில் பட்டுவிடும் என்று. பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்று அழும். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அது எத்தனை ஸ்கோவில் என்று உன் மெஷினில் பார்த்துச் சொல்.

(கொஞ்ச நேரம் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்தான்.)

தம்பி: எண்ணெய் தடவுவது சரிதான் அக்கா. அந்தக் காரம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. வாய் எரிந்தால் பால், தயிர். அதில் இருக்கிற புரதம் காரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

அக்கா: பரவாயில்லையே, தெரிந்து வைத்திருக்கிறாய்.

தம்பி: இன்னொன்று. காரம் என்பது ருசியே இல்லை. 43 டிகிரிக்கு மேலே சூடு பட்டால் விழித்துக்கொள்கிற நரம்பு ஒன்று இருக்கிறது. மிளகாய் அதை ஏமாற்றுகிறது. நாக்கு சுடவில்லை, ஆனால் சுடுகிறது என்று மூளை நம்புகிறது. அதைக் கண்டுபிடித்தவருக்கு 2021-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

அக்கா: பொய்ச் சூடு.

தம்பி: ஆமாம், பொய்ச் சூடு!

அக்கா: நிஜச் சூட்டோடு வைத்த இட்லி உன் முன்னால் ஆறிக்கொண்டிருக்கிறது.

(பையனுக்கு அப்போதுதான் இட்லி நினைவு வந்தது. பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். நாலு சொட்டு விழுந்தது. இட்லி அதை உடனே உறிஞ்சிக்கொண்டு, செங்கல் நிறத்தில் நாலு வட்டமாகக் காட்டியது. ஆவியோடு வினிகர் நெடி எழும்ப, எதிரே பார்சலுக்கு நின்றவர் தும்மினார்.)

அக்கா: ஒரு வாய், ஒரே வாய், வெறும் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு ஊற்றக் கூடாதா?

தம்பி: அதற்கென்ன, அப்புறம்.

அக்கா: பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்காமல், தன் போட்டோவையே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

தம்பி: (வாய் நிறைய) பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை. பழ வாசனை. லேசான இனிப்பு. நீங்கள்தான் சும்மா… அப்புறம்… அப்புறம்…

அக்கா: 20 நொடி என்றாய்.

தம்பி: கொஞ்சம்… பேசாமல்…

அக்கா: காது?

தம்பி: அடைத்து… விட்டது.

அக்கா: சுகம் எத்தனை மணிக்கு வரும்?

தம்பி: தண்ணீர்!

அக்கா: (டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு) தண்ணீரில் கரையாது. நீதானே சொன்னாய்.

தம்பி: தயிர்… அக்கா, தயிர்!

அக்கா: என் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்த பாக்கெட் ஒன்று இருக்கிறது. 10 ரூபாய்.

தம்பி: (விக்கல்) பாக்கெட்டில்… (விக்கல், கண்ணைத் துடைத்துக்கொண்டு) 8 ரூபாய் என்றுதானே… போட்டிருக்கிறது?

அக்கா: மீதி 2 ரூபாய் கோவிலுக்கு.