ஆட்டு வலை குதிரைக்கு ஆகாது
‘ஆட்டுக்குப் போடும் கம்பி வலையே குதிரைக்கும் போதும், உயரத்தைக் கூட்டினால் சரி’ என்று குதிரை வேலி பற்றிய கட்டுரை ஒன்றில் இருப்பதை ஏற்க முடியவில்லை. ஆபத்து கண்ணியின், அதாவது வலைக் கம்பிகளுக்கு நடுவே உள்ள ஓட்டையின், அளவில்தான் இருக்கிறது. 6 அங்குலக் கண்ணிக்குள் முன்னங்குளம்பு தாராளமாக நுழையும். வேலியோரம் காலால் மண்ணைப் பறண்டும்போது உள்ளே போன கால், வெளியே வரும்போது லாடத்தின் பின்முனைக்கும் குளம்புக்கும் நடுவில் கம்பியைக் கவ்விக்கொள்ளும். மாடு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். குதிரை மிரண்டு முழு பலத்தோடு பின்னால் இழுக்கும். லாடம் குளம்போரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும், இல்லையென்றால் கம்பி தோலையும் தசைநாணையும் அறுத்துவிடும். 2-க்கு 4 அங்குலக் கண்ணியில், முடிச்சுப் போட்டுப் பின்னிய வலைதான் வேண்டும். பற்றவைத்த வலையில் குதிரை சாய்ந்தால் பற்று விட்டு, கம்பி முனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். உயரம் 4½ முதல் 5 அடி. மேல் விளிம்பில் ஒரு பலகை கட்டாயம். ஓடிவரும் குதிரைக்கு வெறும் வலை கண்ணில் படாது. பலகையைத் தூணின் உட்பக்கம் அடியுங்கள், வெளிப்பக்கம் அடித்தால் குதிரை உரசி உரசியே ஆணி கழன்றுவிடும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், முள்கம்பி வேலியில் துணி கட்டச் சொல்லியிருக்கிறார். துணி கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். மிரண்டு மோதும் குதிரையின் தோலை முள் கிழிக்கத்தான் செய்யும். தயவுசெய்து அது வேண்டாம்.