மழை பெய்தால் வேலை ரத்து: மூங்கில் ஏடுகளில் சின் பேரரசு

சீனப் பெருஞ்சுவர் என்ற பேச்சு வந்தாலே, "செத்த கூலியாட்களை உள்ளேயே போட்டு மூடிக் கட்டினார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். மண் சுவர் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் இதை நம்ப முடியாது.

முதலில் ஒன்று. படங்களில் பார்க்கும் செங்கல் சுவர் பெரும்பாலும் மிங் காலத்தது. சின் ஷி ஹுவாங் காலத்துக்கு 1,500 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. கி.மு. 221-ல் சீனாவை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த அந்தச் சக்கரவர்த்தி, வடக்கே சியோங்னு மக்களை விரட்ட மெங் தியான் என்ற தளபதியை 3 லட்சம் படையோடு அனுப்பினார். மேற்கே லின்தாவ் முதல் கிழக்கே லியாவ்தோங் வரை பழைய சுவர்களை இணைத்தும் புதிதாக எழுப்பியும் வேலை நடந்தது. மண் கிடைத்த இடத்தில் மண்ணை இடித்துக் கட்டினார்கள். பாறை கிடைத்த இடத்தில் கல்லை அடுக்கினார்கள். அடுத்து வந்த ஹான் ஆட்சியில் துன்ஹுவாங் பாலைவனத்துக்குச் சுவர் போனபோது, சரளைக்கு நடுவே நாணல் தட்டையைப் பரப்பி எழுப்பினார்கள்.

மண் சுவர் பார்க்க எளிமையாக இருக்கும், கட்ட எளிமையானதில்லை. மேல்மண்ணைச் சீவி ஒதுக்க வேண்டும், அதில் வேரும் மட்கும் இருக்கும். கீழே உள்ள மஞ்சள் வண்டல்தான் சுவருக்கு உதவும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் உடைந்து சிதற வேண்டும். அந்தப் பதம்தான் எல்லாம். இரண்டு பக்கமும் பலகை கட்டி, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் மண்ணைக் கொட்டி, திமிசுக் கட்டையால் 10 சென்டிமீட்டராக வரும்வரை இடிக்க வேண்டும். முதலில் தொப்பென்று விழும் சத்தம், மண் இறுக இறுகக் கணீரென்று மாறும். அதற்குப் பிறகுதான் அடுத்த அடுக்கு. ஈரம் கூடிவிட்டால், இங்கே இடிக்க அங்கே மண் எழும்பும், காய்ந்ததும் வெடிக்கும். ஈரம் குறைந்தால் அடுக்கோடு அடுக்கு ஒட்டாது, பிறகு பாளம் பாளமாகக் கழன்று விழும். கட்டி முடித்த பிறகும் ஆபத்து காலடியில் இருக்கிறது. தரையின் ஈரம் உப்போடு மேலேறி அடியை அரிக்கும். அடி குழிந்ததும் மேல்பாரம் முன்னால் சரியும்.

இப்படிப்பட்ட சுவருக்குள் ஒரு உடலைப் புதைத்தால் என்ன ஆகும்? அது மட்கி உள்ளே பொந்து விழும். மேலிருக்கும் அடுக்குகள் அமுங்கும். விரிசல் வழியாக மழை இறங்கும். சில பருவங்களிலேயே அந்த இடம் விழுந்துவிடும். விழுந்தால் மேற்பார்வையாளர் தப்ப முடியாது. இதை உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு, சின் சட்டமே நம் கையில் இருக்கிறது.

1975-ல் ஹூபே மாகாணத்தின் யுன்மெங் பகுதியில், ஷுயிஹுதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே ஷீ என்ற கீழ்நிலை அரசு அலுவலரின் எலும்புக்கூடு. அதைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள். அவற்றில் பெரும்பகுதி அவர் பணிக்கு வேண்டிய சட்டங்களும் வழக்குக் குறிப்புகளும். கட்டாய வேலை பற்றிய பகுதி இப்படிப் போகிறது: ஊர்ச் சுவர் கட்டியவர்கள் அதற்கு ஓராண்டு பொறுப்பு. அதற்குள் இடிந்தால் வேலையை நடத்திய அதிகாரியும் மேற்பார்வையாளரும் குற்றவாளிகள். கட்டிய ஆட்களே திரும்பக் கட்ட வேண்டும், அந்த நாட்கள் அவர்களுடைய கட்டாய வேலைக் கணக்கில் சேராது. எத்தனை ஆள் எத்தனை நாள் என்ற மதிப்பீட்டைக் கைவினைஞர் மட்டும் போடக் கூடாது, அதிகாரியும் சேர்ந்து போட வேண்டும். கூடவோ குறையவோ இரண்டு நாளோ அதற்கு மேலோ பிசகினால் அது கவனக்குறைவுக் குற்றம்.

சாப்பாட்டுக்கும் அளவு உண்டு. சுவர் வேலை செய்யும் தண்டனைக் கைதிக்குக் காலையில் அரை தௌ தானியம், மாலையில் மூன்றில் ஒரு பங்கு தௌ. ஒரு தௌ சுமார் 2 லிட்டர். காவல் நிற்பது போன்ற வேலைக்கு இரண்டு வேளையும் மூன்றில் ஒரு பங்குதான். அபராதம் கட்ட முடியாதவர் உழைத்துக் கழிக்கலாம்: ஒரு நாளைக்கு 8 காசு, அரசு சோறு போட்டால் 6 காசு. விதைப்புக்கு 20 நாள், பயிர் பார்க்க 20 நாள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பட்டறை வேலையில் குளிர்காலத்து மூன்று நாள், கோடையின் இரண்டு நாளுக்குச் சமம்.

படிக்கும்போது இது நியாயமான அரசு என்று தோன்றும். எனக்கு உறுத்துவது வேறு இடம். இவ்வளவு கவனமும் கீழே இருப்பவரின் கணக்கை மட்டுமே சோதிக்கிறது. இரண்டு நாள் பிசகினால் வட்டார அதிகாரிக்குத் தண்டனை. அரண்மனையிலிருந்து ஆள் கேட்டு உத்தரவு வந்து, அதை நிறைவேற்றாமல் விட்டால் இரண்டு போர்க்கவசங்கள் அபராதம். அந்த உத்தரவே நாட்டால் தாங்க முடியாத அளவாக இருந்தால்? அதைக் கேட்க ஒரு ஏடும் இல்லை.

எல்லையில் நின்ற 3 லட்சம் பேருக்கும் அந்தக் கைதியின் படியையே கொடுத்தால்கூட ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் தானியம் வேண்டும். கிழக்குக் கடலோரத்திலிருந்து 30 ஜோங் தானியம் புறப்பட்டால் வடக்கே 1 ஷி போய்ச் சேர்ந்தது என்று, பின்னால் ஜுஃபு யான் ஹான் பேரரசர் வுவுக்கு எழுதினார். இரண்டும் பழைய தானிய அளவுகள், ஒரு ஜோங் 6.4 ஷி. அப்படியென்றால் 192-க்கு 1. போர் வேண்டாம் என்று வாதாடியவர் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும், வழியில் வண்டிக்காரரும் மாடும் தின்று தீர்த்ததுதான் பெரும்பங்கு. இதே ஆண்டுகளில் வடக்கே 1,800 லி (லி என்பது பழைய சீனத் தூர அளவு) நீளத்துக்கு நேர்ச்சாலை ஒன்று போடப்பட்டது. லின்தோங்கில் சக்கரவர்த்தியின் கல்லறைக்கு 7 லட்சம் பேர் என்பது ஹான் கால வரலாற்றாசிரியர் சிமா சியென் தரும் எண்.

கி.மு. 209-ல், எல்லைக் காவலுக்குப் போன 900 பேர் தாசெ என்ற ஊரில் மழையில் மாட்டிக்கொண்டார்கள். தாமதத்துக்குத் தலை போகும் என்று சொல்லி சென் ஷெங்கும் வு குவாங்கும் கலகம் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டில் பேரரசு இல்லை. ஏடுகளோ வேறு சொல்கின்றன: 3 முதல் 5 நாள் தாமதத்துக்குக் கண்டிப்பு, 6 முதல் 10 நாளுக்கு ஒரு கேடயம், அதற்கு மேல் ஒரு கவசம், மழை வெள்ளம் என்றால் அழைப்பே ரத்து. எல்லைக் காவலுக்குச் சட்டம் தனியாக இருந்திருக்கலாம், இரண்டாம் சக்கரவர்த்தி கடுமையாக்கியும் இருக்கலாம். என் கருத்து இதுதான்: மழைக்கு விலக்கு தரும் ஒரு அரசின் குடிகள், தலை போகும் என்ற பேச்சை உடனே நம்பினார்கள். அந்த அளவுக்கு நிலைமை வந்துவிட்டிருந்தது.

மெங் தியான் சாகும் முன், சுவருக்காக நிலத்தை வெட்டியபோது பூமியின் நரம்பை அறுத்துவிட்டேன் போலிருக்கிறது, அதுதான் என் குற்றம் என்றாராம். அந்த நேர்ச்சாலையில் போய்ச் சுவரையும் பார்த்த சிமா சியென் இதை ஏற்கவில்லை. மக்களின் உழைப்பை இவ்வளவு மலிவாக எண்ணியவருக்குப் பூமி நரம்பு ஒரு காரணமா என்று கேட்கிறார்.

செத்தவர்கள் சுவருக்குள் இல்லை. லின்தோங் கல்லறைக்கு மேற்கே, கட்டுமான ஆட்களைப் புதைத்த இடம் தோண்டப்பட்டது. சில எலும்புகளோடு உடைந்த கூரை ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன, அவற்றில் கீறிய எழுத்து. ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: தொங்வு ஊர், அபராதத்துக்கு உழைக்க வந்தவர், ஷாங்சாவ் பட்டம், பெயர் சிங்ஜி. தொங்வு இன்றைய ஷான்தோங்கில், 900 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஷாங்சாவ் என்பது 20 பட்டங்களில் கீழிருந்து இரண்டாவது. எத்தனை நாள் கழித்தார், இன்னும் எத்தனை காசு பாக்கி என்று ஓட்டில் இல்லை.