தூணருகே ஒரு கறுப்புப் புள்ளி

படக்காரர்: எட்டு நாட்களாகச் சிசிலியைச் சுற்றி வருகிறோம் அண்ணா, நாலாயிரம் படங்களுக்கு மேல் எடுத்துவிட்டேன், ஆனால் இந்தத் தீவின் அசல் முகம் என்று சொல்லத்தக்க ஒன்றுகூட இன்னும் அமையவில்லை.

சாரதி: அதை நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன் தம்பி. அதனால்தான் இன்று விடியற்காலையிலேயே முகம் மழித்து, வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

படக்காரர்: சட்டை நன்றாக இருக்கிறது. நான் தேடுவது என்னவென்றால், வெயிலில் சுருங்கிய முகம், உழைத்துக் காய்த்துப்போன கை, வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த மண்ணிலேயே கழித்துவிட்ட ஒரு பார்வை. அப்படிப்பட்ட ஒரு மனிதர் எனக்கு வேண்டும்.

சாரதி: (பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலையை வாரிக்கொண்டே) விளங்குகிறது தம்பி. நேரடியாகக் கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சம். எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். நான் எந்தப் பக்கம் நிற்கட்டும்?

படக்காரர்: கேமராப் பையின் பக்கம் நில்லுங்கள் அண்ணா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்.

(மடக்கிய முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் இருந்தவன் நான். பெட்ரோல் செலவில் பாதி என்னுடையது என்பதால், இருவரில் யார் பக்கம் வேண்டுமானாலும் சாயும் உரிமை எனக்கு இருந்தது. செஃபலு தாண்டுவதற்குள்ளேயே சாய்ந்துவிட்டேன்.)

படக்காரர்: இந்த மட்சாரா துறைமுகத்தையே பாருங்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு யன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. தீவு முழுவதும் இதே கதைதான். உயிரோட்டமே இல்லை.

சாரதி: உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தம்பி யன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று சிராக்கூசாவுக்கு அருகில் 48.8 பாகை வெப்பம் பதிவானது. அன்று யன்னலைத் திறந்து வைத்து உங்களுக்காகப் புன்னகைத்திருந்தால், இன்று நீங்கள் படம் எடுக்க ஆளே மிஞ்சியிருக்காது.

படக்காரர்: நோட்டோவில் மட்டும் ஒரு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. வாசற்படியில் ஒரு பாட்டி, பின்னால் தேன் நிறத்துச் சுவர். அதுவும் கெட்டுப்போயிற்று.

சாரதி: அது தானாகக் கெட்டுப்போகவில்லை தம்பி. பூப்போட்ட உடுப்பில் சும்மா காற்று வாங்கிக்கொண்டிருந்த மனுஷியைக் கறுப்பு உடுத்திக்கொண்டு வந்து உட்காரும்படி சொன்னீர்கள். அவர் என்னிடம் இரண்டு தரம் கேட்டார், “யார் செத்துப்போனது?” என்று. ஒருவரும் சாகவில்லை, படத்துக்காகத்தான் என்று நான் மொழிபெயர்த்ததற்குப் பிறகுதான் அவர் கதவைச் சாத்தினார்.

படக்காரர்: சிசிலி என்றாலே கறுப்புடைப் பாட்டிதானே அண்ணா! அதுதானே அசல்!

சாரதி: 1693-இல் வந்த பூகம்பத்தில் பழைய நோட்டோ தரைமட்டமாகி, ஊரையே வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். ஊரே இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. நீங்கள் பாட்டி உடுப்பை மாற்றவில்லை என்று குறைப்படுகிறீர்கள்.

படக்காரர்: சரி, மனிதர்களை விடுங்கள். நேற்று வழியில் எடுத்தேனே, மதில் மேல் சப்பாத்திக்கள்ளி, அதன் நுனியில் செம்மஞ்சள் பழம், பின்னால் நீலக் கடல். அது அசல் சிசிலிதானே?

சாரதி: அதுவும் வெளியூர்தான் தம்பி. மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தாலியர் அதை ‘இந்திய அத்தி’ என்று அழைக்கிறார்கள். உங்கள் நாட்டுப் பெயரில், மெக்சிகோவிலிருந்து வந்து, இங்கே மதில் மதிலாகக் குடியேறியிருக்கிறது. ஒருவரும் அதனிடம் வதிவிட அனுமதி கேட்பதில்லை.

படக்காரர்: எலுமிச்சைத் தோட்டம்?

சாரதி: அதுவும் வெளியூர்தான். அரேபியர் கொண்டுவந்தது. அவர்கள் 827-இல் கப்பலில் வந்து இறங்கியதே இந்த மட்சாராவில்தான். நீங்கள் முக்காலியை ஊன்றப்போகும் கரைக்கு அதிக தூரமில்லை.

படக்காரர்: தக்காளி?

சாரதி: அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வெளியூர்.

படக்காரர்: பலெர்மோ அரண்மனைத் தேவாலயம்?

சாரதி: கட்டச் சொன்ன அரசர் நோர்மானியர், சுவரில் பொன் ஓவியம் பதித்தவர்கள் பைசாந்தியர், மரக்கூரையைச் செதுக்கியவர்கள் அரேபிய மரபில் வந்த தச்சர்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று வெளியூர்.

படக்காரர்: இந்தப் பாழாய்ப்போன அனல் காற்றாவது இந்த ஊருடையதா?

சாரதி: சிரொக்கோவா? அது சகாராவிலிருந்து வருகிறது தம்பி.

(இந்த இடத்தில் படக்காரர் சற்று நேரம் பேசாமல் கண்ணாடி வில்லையைத் துடைத்தார். துடைக்கும் துணி நான் கொண்டுவந்தது. அதுவும் வெளியூர்தான் என்று சொல்ல எனக்கு வாய் ஊறியது.)

படக்காரர்: அதோ பாருங்கள் அண்ணா! படகில் வலையை உதறிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் நான் எட்டு நாட்களாகத் தேடிய மனிதர். அந்த நெற்றிச் சுருக்கங்களைப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுச் சிசிலி அந்த நெற்றியில் எழுதியிருக்கிறது.

சாரதி: அவர் எனக்குப் பழக்கமானவர். துனீசியாவில் பிறந்தவர். 1960களின் இறுதியிலிருந்தே அங்கேயுள்ள மீனவர்கள் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். இந்த ஊர்ச் சிவப்பு இறாலுக்கு இத்தாலி முழுவதும் பெயர் இருக்கிறதென்றால், அந்தப் பெயரில் பாதி அவர்கள் கைகளுக்குச் சேரவேண்டியது.

படக்காரர்: இவருமா வெளியூர்!

சாரதி: மட்சாராவில் மிகப் புகழ்பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். வேண்டுமானால் அவரிடம் அழைத்துப் போகிறேன். நடனமாடும் கோலத்தில் ஒரு வெண்கலச் சிலை. 1998-இல் இந்த ஊர்ப் படகின் வலையில் கடலடியிலிருந்து மேலே வந்தது. இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஒரு கால் இல்லை, கைகளும் இல்லை, ஆனாலும் நீங்கள் சொல்கிறபடி அசையாமல் நிற்பார்.

படக்காரர்: அவர் உள்ளூரா?

சாரதி: கிரேக்கர்.

படக்காரர்: உங்களோடு பேசி ஒரு பயனும் இல்லை அண்ணா. எனக்கு ஒரே ஒரு உள்ளூர் மனிதர், முப்பது ஆண்டுகளாவது இங்கேயே வாழ்ந்தவர், இந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர், இந்த ஊர்ச் சாமியைக் கும்பிடுகிறவர், அவ்வளவுதான் வேண்டும்.

சாரதி: (சட்டைக் கழுத்தைச் சரிசெய்து, வாகனத்திலிருந்து இறங்கி நின்று) சரி தம்பி, இனியும் நான் கூச்சப்படவில்லை. நான் 1991-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். முதல் பதினொரு ஆண்டுகள் பலெர்மோவில் ஒரு முதியவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கடைசியில் அவர் கண்ணையும் மூடிவிட்டவன் நான். அவருக்கு இத்தாலிய மொழி சரியாக வராது என்பதால் நான் முதலில் கற்றதே சிசிலிய வட்டாரப் பேச்சுத்தான். சைவன் என்றாலும் ஆண்டுதோறும் செப்டம்பர் 4 அன்று பெல்லெக்ரினோ மலையேறி, குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியா அம்மாவுக்கு நேர்த்தி வைக்கிறேன். 1624-இல் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவர் அவர் என்பது ஊர் நம்பிக்கை. என் மகளின் காய்ச்சலையும் அவர்தான் இறக்கினார் என்பது என் வீட்டு நம்பிக்கை. அந்த மலையில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் வெறுங்காலுடன் ஏறுகிறார்கள். இப்போது சொல்லுங்கள், வெளிச்சம் இடப்பக்கமா, வலப்பக்கமா?

படக்காரர்: அடடா, இந்துக்கள் கிறிஸ்தவப் புனிதையை வணங்குகிறார்களா? அது அருமையான படமாயிற்றே! ஆனால் ஆகஸ்ட் 20 அன்று எனக்கு விமானம். நீங்கள் எல்லோரும் கொஞ்சம் முன்னதாக ஒருமுறை ஏற முடியுமா?

சாரதி: அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

படக்காரர்: ஆனாலும் அண்ணா, தவறாக நினைக்காதீர்கள். சிசிலித் தொகுப்பில் உங்கள் படத்தை வைத்தால் பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள். நம் ஊர் ஆள் எப்படி அங்கே வந்தார் என்று கேட்பார்கள்.

சாரதி: கேட்டால் நல்லதுதானே. சரி, அதை விடுங்கள். அக்ரிஜெந்தோவில் நீங்கள் எடுத்தீர்களே, கொன்கோர்தியா கோவில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு, முப்பத்து நான்கு தூண்கள். அந்தப் படம் எப்படி வந்தது?

படக்காரர்: அதுதான் இந்தப் பயணத்தின் சிறந்த படம். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியையும் இன்னொரு கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, முழுதாக இரண்டு நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தேன். அப்படிச் செய்தால் நடமாடுகிற சுற்றுலாப் பயணிகள் ஒருவர்கூடப் படத்தில் பதியமாட்டார்கள். அசையாமல் நிற்பது எதுவோ அது மட்டும்தான் பதியும்.

சாரதி: அதில் தூண் பக்கம் வேலியருகே கறுப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்ததாமே?

படக்காரர்: ஆமாம், விழுந்திருந்தது. ஏதோ கம்பமோ குப்பைத்தொட்டியோ தெரியவில்லை. இரவு விடுதிக்கு வந்து கணினியில் அழித்துவிட்டேன். இப்போது மிகத் துப்புரவாக இருக்கிறது.

சாரதி: அது நான்தான் தம்பி.

படக்காரர்: நீங்களா?

சாரதி: “அசையாமல் இருப்பவர்தான் விழுவார்” என்று நீங்கள் உங்கள் நண்பரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்காகத்தான் சாடையாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, அந்த வெயிலில் வேலியைப் பிடித்துக்கொண்டு, மூக்கின்மேல் இருந்த ஈயைக்கூட விரட்டாமல், இரண்டு நிமிடம் மூச்சை அடக்கி நின்றேன். நாற்பது பேர் நடந்துபோனார்கள். கமரா அவர்களை விட்டுவிட்டு என்னைச் சரியாகத்தான் பிடித்தது. அழித்தது நீங்கள்.

(இரண்டு நிமிடம் அவர் நின்றதை நான் பார்த்தேன். புள்ளியை அழிக்கும்போதும் நான் அருகில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.)

படக்காரர்: எனக்குத் தெரியாது அண்ணா. உண்மையாகவே தெரியாது.

சாரதி: உங்களை மட்டும் குறை சொல்லவில்லை தம்பி. இந்தத் தீவின் தெற்குக் கரையில் ஆட்கள் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து இறங்கும் நாளில், போர்வை கொடுக்கிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்கள் முன்னால் நிற்கிறார்கள். அதே ஆள் முப்பது ஆண்டுகள் இங்கே உழைத்து, வரி கட்டி, பிள்ளை வளர்த்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால், ஒரு கமராவுக்கும் அவர் தேவைப்படுவதில்லை. பலெர்மோ பழைய நகர எல்லையில் அனுமதியில்லாமல் நுழையும் வாகனங்களைப் பிடிப்பதற்குக் கமரா வைத்திருக்கிறார்கள். அது என்னை இரண்டு முறை பிடித்து, அபராதச் சீட்டை வீட்டுக்கே அனுப்பியது. விலை அதிகம்தான். ஆனால் அது என்னைக் குப்பைத்தொட்டி என்று நினைக்கவில்லை.

படக்காரர்: சரி அண்ணா, போதும். உங்களையே எடுக்கிறேன். வெளிச்சமும் வந்துவிட்டது. அந்தப் படகுக்கு முன்னால் நில்லுங்கள்.

சாரதி: நின்றுவிட்டேன்.

படக்காரர்: அருமை. ஒரே ஒரு சின்ன உதவி. தாவோர்மினாவில் நான் முப்பது யூரோவுக்கு வாங்கினேனே, சிசிலியர் போடும் தட்டைத் தொப்பி, அதைக் கொஞ்சம் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாரதி: காலையிலிருந்து தலைவாரியது எதற்கு என்று நினைத்தீர்கள்?

படக்காரர்: தொப்பி இருந்தால்தான் அண்ணா பார்த்தவுடனே உள்ளூர்க்காரர் என்று தெரியும்.

சாரதி: இந்தத் தொப்பியே ஆங்கிலேயரிடமிருந்து வந்தது என்று இங்கே சொல்வார்கள் தம்பி.

படக்காரர்: தயவுசெய்து கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். கடலைப் பாருங்கள். எதையோ இழந்தவர் போலப் பாருங்கள்.

சாரதி: தலையைத்தான் இழந்திருக்கிறேன், தொப்பி காது வரை இறங்கிவிட்டது.

(படகில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் இந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிசிலிய வட்டாரப் பேச்சில் உரக்க ஏதோ கேட்டார். சாரதியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்துவிட்டார்.)

படக்காரர்: ஐயோ, ஏன் கழற்றினீர்கள்? அவர் என்ன கேட்கிறார்?

சாரதி: எந்த நாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருக்கிறாய் என்று கேட்கிறார்.