பணம் மட்டுமா காரணம்?
வெல்ஷ், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசப்படும் சிறிய மொழி, பணம் குறைவு, அதனால்தான் சிறுவர்களுக்கான வெல்ஷ் மென்பொருள்கள் பழசாகிப் போயின என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கென்னவோ அது பாதிக் காரணம்தான். ஐபேட் 2010இல் வந்தபோதே அதில் ஃபிளாஷ் (இணைய விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ஓட்டிய அடோபி நிறுவன மென்பொருள்) ஓடாது என்பது ஊரறிந்த விஷயம். அப்புறமும் அதையே கட்டிக்கொண்டு அழுதவர்கள் உண்டு. வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் என் மகள் வெல்ஷ் எழுத்து பழகிய விளையாட்டும் அப்படித்தான். 2021 ஜனவரியில் அடோபி ஃபிளாஷை முடக்கியதும் திரையில் வெறும் சாம்பல் கட்டம். வெல்ஷில் இரண்டு ‘எல்’ சேர்ந்தால் ஒரே எழுத்து. ‘ல’வுக்கு நாக்கை வைத்துக் காற்றை ஊத வேண்டும். வெல்ஷ் தெரியாத நான் எதைக் கேட்டுச் சொல்லித் தருவது? அந்த விளையாட்டில் இருந்த ஒலிப்பதிவுகளையாவது தனியாக எம்பி3யில் கொடுத்திருக்கலாம், அதற்கு என்ன பெரிய செலவு?