கோளாறு என்னன்னு மட்டும் சொல்லித் தொலையேன்!

என் லேப்டாப் தன்னைத்தானே பழுது பார்க்கிறதாம். காலையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. கறுப்புத் திரை, வட்டமாகச் சுற்றும் வெள்ளைப் புள்ளிகள், கீழே 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று ஒரு வரி. அது போனதும் 'டயக்னோசிங் யுவர் பிசி'. வைத்தியர் நாடி பிடிக்கிறாராம், நாம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பிடித்து முடித்துவிட்டு என்ன சொல்கிறது? என்னால் சரி செய்ய முடியவில்லை, வேண்டுமானால் அணைத்துக்கொள் என்கிறது. அணைத்து வைக்கவா இவ்வளவு நேரம் தவம் கிடந்தேன்?

அதைக்கூட மன்னித்துவிடலாம். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? லாக் ஃபைல் என்று போட்டு, சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 என்று ரயில் நீளத்துக்கு ஒரு முகவரி, கடைசியில் 'எஸ்ஆர்டி டிரெயில்' என்று ஒரு கோப்பின் பெயர். கோளாறு என்னவென்று விவரமாக எழுதி வைத்திருக்கிறது. எங்கே? திறக்க மறுக்கும் அதே லேப்டாப்புக்குள்ளே! அதைத் திறக்க முடிந்தால் அந்தக் கோப்பை நான் ஏனய்யா படிக்கப் போகிறேன்?

கமாண்ட் பிராம்ப்ட் என்று கட்டளைகளைத் தட்டும் கறுப்புப் பெட்டி ஒன்று உண்டே, அதன் வழியாகப் போய் நோட்பேடில் திறக்கலாமே என்று இந்நேரம் ஒருவர் கிளம்பியிருப்பார். போனேன் ஐயா, போனேன். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போனால் நம் சி டிரைவ் சி-யாகவே இல்லை. டி-யாகிவிட்டது. தேடிப் பிடித்துத் திறந்தால் வரிசையாகச் சோதனைகள். டிஸ்க் பார்த்தேன், நலம், எரர் கோட் 0x0. அப்டேட் பார்த்தேன், நலம், 0x0. எல்லாம் நலம்! மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் உருட்டினேன். 'ரூட் காஸ் ஃபவுண்ட்' என்று தலைப்பு. அப்பாடா, கண்டுபிடித்துவிட்டது என்று அடுத்த வரியைப் படித்தால், பல தடவை முயன்றும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. கண்டுபிடித்தேன் என்று தலைப்புப் போட்டுவிட்டு அதற்கடியில் தெரியவில்லை என்று எழுதுகிறவனை எந்த வாத்தியார் பாஸ் போட்டார்?

எஃப்8 என்று ஒரு பொத்தான் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஆன் செய்ததும் தட்டிக்கொண்டே இருந்தால், அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு திறக்கும் சேஃப் மோடு வரும். விண்டோஸ் 8 வந்தபோது, கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்க வேண்டும் என்று அதற்கு வேட்டு வைத்துவிட்டார்கள். இப்போது சேஃப் மோடுக்கு வழி கேட்டால், முதலில் செட்டிங்ஸுக்குள் போங்கள் என்கிறார்கள். திறக்காத லேப்டாப்பின் செட்டிங்ஸுக்குள்! இன்னொரு வழியாகச் சுற்றிப் போய் சேஃப் மோடுக்கான 4-ஐ அழுத்தினால், சற்று யோசித்துவிட்டு மறுபடியும் அதே புள்ளிகள். நடுவில் ஒரு தடவை நீலத் திரை வேறு. சோகமான முகம் ஒன்று, பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. ஆசையாகப் போனில் ஸ்கேன் செய்தால், வெளியே செருகியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் பொது உபதேசம்.

சரி, மனுஷனிடம் கேட்போம் என்று கடைக்குத் தூக்கிப் போனேன். தம்பி லேப்டாப்பைத் திருப்பி அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூவைத் தொடவில்லை. "மதர்போர்டு போயிருச்சு சார்."

போர்டு போயிருந்தால் புள்ளி எப்படிப்பா சுற்றுகிறது?

"அப்ப ஹார்ட் டிஸ்க்கா இருக்கும் சார்."

இருக்குமா, இருக்கிறதா? ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இன்னொரு சிஸ்டத்தைப் போட்டு அதிலிருந்து ஓட்டிப் பார்த்தால் போர்டு பிழைத்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அதைப் போட இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும், என்னிடம் இல்லை, அதனால்தானே உன்னிடம் வந்தேன்? தம்பி அசரவில்லை. "இது நாலாவது ஜெனரேஷன் பிராசஸர் சார். விண்டோஸ் பத்துக்கு சப்போர்ட் 2025 அக்டோபரோடயே முடிஞ்சுது. பதினொன்னுக்கு எட்டாவது ஜெனரேஷன் வேணும், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் வேணும். பேசாம புதுசு வாங்கிருங்க." பதினொன்று ஏறாது என்று எனக்கும் தெரியும். நான் பதினொன்றா கேட்டேன்? என்ன கோளாறு என்று கேட்டேன். கிளம்பும்போது செக்கிங் சார்ஜ் முந்நூறு ரூபாய். எதைச் செக் செய்ததற்கு? ஸ்டிக்கரைப் படித்ததற்கா?

வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பேட்டரியைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடி. ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய். தேய்த்தேன். ஓரத்தில் இருக்கும் அந்தத் தங்க நிறப் பற்கள் புது நகை மாதிரி மின்னுகின்றன, அவ்வளவுதான் கண்ட பலன்.

கடைசியாக மைத்துனர் போன் செய்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். 'உம்' கொட்டினார். நடுவில் யாரிடமோ சட்னி கேட்டார். முடித்ததும் நிதானமாக, "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா மாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வருகிற சிரிப்பு எப்படி இருக்கும் தெரியுமா, பக்கத்தறையிலிருந்து ஓடி வந்து வீட்டம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இவர்தான் போன பொங்கலுக்குச் சுவரில் ஒரே ஒரு ஓட்டை போட வேண்டும் என்று என் டிரில் மெஷினை வாங்கிப் போனவர். ஒரு ஓட்டை! இத்தனை மாதமாக அந்த ஆள் எந்த மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்?